மூக்கு சொன்ன பிறகுதான் நெருப்பு

மூக்கு என்கிற பெயர் எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்தது ஒரு கல்யாணப் பேச்சோடு. மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வரப் பெண்ணின் சித்தப்பாவை அனுப்பியிருந்தார்கள். ஐந்து பேரில் கடைசியாகப் பிறந்தவர், எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "பையன் நல்ல பையன்தான். ஆனா எல்லாரும் அவனை மூக்குன்னு கூப்பிடுறாங்க."

பெண்ணின் அம்மாவுக்கு முகம் சுருங்கியது. "அவ்வளவு பெரிசாவா இருக்கு?"

"அளவு சாதாரணம்தான் அண்ணி. அது பாக்கிற வேலைதான் பெரிசு."

நடந்தது இதுதான். சித்தப்பா தன் ஸ்கூட்டரைப் பட்டறை வாசலில் நிறுத்தியிருக்கிறார். பையன் வந்து, "வாங்க" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு, "உங்களுக்குப் பெட்ரோல் போடுறவன் மண்ணெண்ணெய் கலக்குறான்" என்றிருக்கிறான். அந்தப் பெட்ரோல் பங்க் சித்தியின் கூடப் பிறந்த தம்பியுடையது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த வீட்டில் கல்யாணப் பேச்சைவிடப் பங்க் பேச்சுதான் அதிகம். சித்தி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். பெண் மட்டும் சமையல்கட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே காரியம் முடிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் மூக்குக்குத் தொழிலில் ஒரு குறையும் வந்ததில்லை. தகரக் கூரை போட்ட பட்டறை. உள்ளே இரண்டு வண்டி நிற்கலாம், முற்றத்தில் ஒன்று. வலது பக்கம் ஓர் ஆள் நின்று வேலை பார்க்கிற ஆழத்துக்குச் சிமெண்ட் பூசிய குழி. வண்டியை அதன்மேல் நிறுத்திவிட்டு உள்ளே இறங்கினால் அடிப்பாகமெல்லாம் தலைக்கு மேலே இருக்கும். முன்பக்க மேசையில் அவருடைய தங்கை. தங்கையின் கணவர்தான் வெல்டர். மூக்கு அவரை மாப்ள என்பார், அவர் இவரை மச்சான் என்பார். இவர்கள் மூன்று பேர்தான் பட்டறை.

வண்டி வந்து நின்றதும் மூக்கு பின்பக்கம் போய்க் குனிவார். இரண்டே மூச்சு. "ஆயில் எரியுது" என்பார். "ரேடியேட்டர் தண்ணி உள்ள இறங்குது, பொகை இனிப்பா வருது" என்பார். ஒருமுறை ஒருவர் ஏசி சரியில்லை என்று காரைக் கொண்டுவந்தார். கதவைத் திறந்ததுமே, "உள்ள எலி செத்திருக்கு, நேத்துதான் செத்திருக்கும்" என்றார் மூக்கு. தங்கை மேசையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆணா பொண்ணான்னும் சொல்லிடு, பில்லுல எழுதிக்கிறேன்" என்றாள்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியில் எங்கேயாவது காஸ் நெருப்பு வைக்க வேண்டுமென்றால் மூக்கு முதலில் வந்து அந்த இடத்தை முகர்ந்து பார்ப்பார். பிறகு, "பத்த வை" என்பார். அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகுதான் வெல்டர் மாப்பிள்ளை லைட்டரைத் தட்டுவார். இது சும்மா வந்த வழக்கமல்ல. பட்டறை தொடங்கிய முதல் வருஷம், காலி என்று கழற்றி வைத்த பெட்ரோல் டேங்கை ஒட்டவைக்க மாப்பிள்ளை உட்கார்ந்தபோது, முற்றத்தில் நின்றிருந்த மூக்கு அங்கிருந்தே கத்தி ஓடிவந்து கையைப் பிடித்திருக்கிறார். அன்றைக்கு அந்த மூக்கு இல்லையென்றால் தங்கையின் தாலி அத்தோடு போயிருக்கும். எந்நேரமும் எண்ணெயிலும் புகையிலும் நிற்கிற மற்ற இரண்டு பேருக்கும் மூக்கு மரத்துப்போயிருந்தது. அவர்களுடைய மூக்கும் சேர்ந்து இவர் முகத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூக்குதான் போனது.

ஒரு வாரம் காய்ச்சல். எட்டாம் நாள் காப்பியைக் குடித்தவருக்கு வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. நாக்குதான் கெட்டுக் கிடக்கிறது என்று நினைத்தார். பட்டறைக்குப் போய் ஒரு பிளக்கைக் கழற்றி மூக்கருகே வைத்தார். ஒன்றுமில்லை. பெட்ரோல் டின்னைத் திறந்து முகத்தை உள்ளேயே விட்டார். ஒன்றுமில்லை. டின்னை மூடிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு?

வீட்டில் மனைவி தையல் வேலை செய்கிறவள். ஒரு நாள் அவள் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்தபடியே விட்டுவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனாள். மூக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் தெருவிலிருந்தே, கருகுது கருகுது என்று ஓடிவந்தாள். துணி பெட்டியின் அளவுக்கு ஓட்டையாகியிருந்தது. அவள் துணியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

அவர் பேப்பரை மடித்தார். "காய்ச்சல்லேர்ந்து."

"பட்டறையில சொல்லிட்டீங்களா?"

"சொன்னா? மூக்கே இல்லாத மூக்கை எவன் தேடி வருவான்?"

"வர்றவன் வரட்டும், போறவன் போகட்டும். அண்ணன் உங்களைக் கேட்டுத்தானே பத்த வைக்கிறாரு?"

அண்ணன் என்று அவள் சொன்னது நாத்தனாரின் கணவரை. மூக்குக்கு அந்தச் சொல் குத்தியது. "கையால தடவிப் பாத்துட்டுத்தான் சொல்றேன். பெட்ரோல் பட்டா விரல் சில்லுன்னு ஆகும். எனக்குத் தெரியும்" என்றார். அது பொய்யில்லை. முகர்ந்து பார்க்கிற சாக்கில் குனிந்து, ஒவ்வொரு குழாயையும், ஒவ்வொரு இணைப்பையும் விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். பிறகு மூச்சை இழுப்பதுபோல் இழுத்துவிட்டு, "பத்த வை" என்பார். நெருப்பு எரிந்து அணையும் வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். முதல் தடவை அன்றிரவு தூங்கவில்லை. பத்தாவது தடவை தூங்கினார். மனுஷனுக்கு எதுவும் பழகித்தான் போகிறது.

நாலு மாதம் இப்படியே ஓடியது.

அன்றைக்குக் காலை பதினோரு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற வேன் ஒன்று வந்தது. ஓட்டுகிறவள் நாற்பது வயதுக்காரி, வாயாடி. மீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு ஒரு வாரமாக எரிகிறது, வண்டி பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிறது. புகைச் சான்றிதழ் அன்றோடு முடிகிறது. பரிசோதனை நிலையம் நாலு மணிக்கு மூடிவிடும். மஞ்சள் விளக்கோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தங்கை கோளாறு காட்டுகிற மெஷினை வேனில் சொருகிப் பார்த்தாள். ஆக்சிஜன் சென்சார் என்று காட்டியது.

"அது என்ன கருமம்?" என்றாள் வேன்காரி.

"பொகை போற குழாய்ல செருகியிருக்கும்" என்றார் மூக்கு. "பொகையில காத்து எவ்வளவு மிச்சமிருக்குன்னு பாத்து எஞ்சினுக்குச் சொல்லும். அது கெட்டுப்போச்சு. ஆனா சும்மாவும் இருக்கல, தப்புத்தப்பா சொல்லிட்டிருக்கு. எஞ்சின் அதை நம்பிப் பெட்ரோலை ஊத்துது."

சொல்லிவிட்டு, தன்னையறியாமல் மூக்கைத் தடவிக்கொண்டார்.

"கழுவிப் போட முடியாதா அண்ணே?"

"கழுவினா ரெண்டு நாள் நடிக்கும். மூணாம் நாள் பழைய கதைதான்" என்றார் மாப்பிள்ளை.

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். சரி, புதுசே போடுங்க."

தங்கை ஸ்கூட்டரில் போய்ப் புது சென்சாரை வாங்கி வந்தாள். விரல் நீளம்தான் இருக்கும். ஒரு பக்கம் மரை, மறு பக்கம் நாலு ஒயர். வேனைக் குழிமேல் ஏற்றினார்கள். மாப்பிள்ளை உள்ளே இறங்கி ஸ்பேனரைப் போட்டார். பழைய சென்சார் அசையவில்லை. துரு இளக்குகிற ஆயிலை அடித்தார். எஞ்சினை ஓடவிட்டுக் குழாயைச் சூடாக்கி மறுபடி ஆயில் அடித்தார். ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகித் தொங்கினார். ஸ்பேனர் நழுவி முழங்கை சுவரில் இடித்ததுதான் மிச்சம்.

"கட்டினா இவனைத்தான் கட்டுவேன்னு நிக்குது மச்சான்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "தலையெல்லாம் மழுங்கிடுச்சு. இன்னொரு தடவை வழுக்கினா பிடிக்கவே முடியாது. நெருப்புதான் வைக்கணும்."

மணி ஒன்றரை. வேன்காரி கடிகாரத்தையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காஸ் குழலைக் குழிக்குள் இறக்கினார்கள். மூக்கு படியில் இறங்கினார். குழிக்குள் இரண்டு பேர் நின்றால் தோளோடு தோள் உரசும். வெளியே போக அந்த ஒரு படிதான். துரு ஆயில் சுவரெல்லாம் வழிந்து பளபளத்தது.

வழக்கம்போல் குனிந்து விரலை நீட்டினார். சென்சாருக்கு மேலே, சூடு தாக்காமல் இருக்க ஒரு தகரம் அடித்திருந்தது. பெட்ரோல் குழாய் அந்தத் தகரத்துக்கு அந்தப் பக்கம் ஓடியது. விரலை விட்டார். தகரம் சுட்டது. இத்தனை நேரம் எஞ்சின் ஓடியிருக்கிறதே. கையை உதறிக்கொண்டு மறுபடி விட்டார். பாதி தூரம்கூடப் போகவில்லை. விரல் போனாலும் பிரயோசனமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாமே கொதிக்கிற இடத்தில் எது சில்லென்று இருக்கும்?

மூச்சை இழுத்தார். வெறும் காற்று. இன்னொரு தடவை இழுத்தார். வெறும் காற்று.

"என்ன மச்சான்?" மாப்பிள்ளை கையில் லைட்டர் இருந்தது. "எனக்கு இந்தத் துரு ஆயில் நாத்தத்துல ஒண்ணும் புரியல. கண்ணு வேற எரியுது. நீங்கதான் சொல்லணும்."

கண் எரிவது துரு ஆயிலாலும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மூக்கு தரையைப் பார்த்தார். சொட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் வழிந்து கிடக்கிற ஆயிலுக்குள் எது எது என்று யாருக்குத் தெரியும்? பெட்ரோல் ஆவி மேலே போகாது, கீழேதான் இறங்கும், குழியில் தண்ணீர்போலத் தேங்கும் என்று மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். இப்போது இரண்டு பேரும் எதில் நிற்கிறோம், காற்றிலா அதிலா என்று அவருக்குத் தெரியவில்லை.

மேலே வேன்காரி, "நேரமாகுது அண்ணே" என்றாள்.

"பத்த வைக்கட்டுமா?"

பத்த வை என்பது நாலு மாதமாக நாக்கில் தயாராக இருக்கிற சொல். இதற்கு முன் முப்பத்து நாலு தடவை வந்தது, ஒன்றும் ஆகவில்லை. இதுவும் ஆகாமல் போகலாம். மாப்பிள்ளை கட்டைவிரலை லைட்டரின் சக்கரத்தில் வைத்துக்கொண்டு, எந்தச் சந்தேகமும் இல்லாமல், பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி நின்றார். அந்த நிற்பைப் பார்க்கத்தான் மூக்குக்கு மனசு வரவில்லை.

"இரு" என்றார்.

"ஏன், அடிக்குதா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"எனக்குத் தெரியல மாப்ள. நாலு மாசமா எனக்கு எந்த வாசமும் தெரியல."

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். மச்சானுடைய முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. கட்டைவிரலைச் சக்கரத்திலிருந்து எடுத்தார். மெதுவாக, முட்டையை எடுத்துவைப்பதுபோல, லைட்டரைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"மேல ஏறுங்க" என்றார். மச்சான் என்று சொல்லவில்லை.

இருவரும் மேலே வந்தார்கள். மாப்பிள்ளை காஸ் சிலிண்டரை மூடினார். எஞ்சினைத் தொடாமல் வேனை நாலு பேருமாகத் தள்ளிக்கொண்டுபோய் முற்றத்தில் நிறுத்தினார்கள். எதற்கு என்று வேன்காரி கேட்டாள். கேட்டுக்கொண்டே அவளும் சேர்ந்து தள்ளினாள். மாப்பிள்ளை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் படுத்து, டார்ச் லைட்டை வாயில் கடித்துக்கொண்டு தகரத்தின் நாலு போல்ட்டையும் கழற்றினார். தகரத்துக்குப் பின்னால் சூட்டைத் தடுக்கிற பஞ்சு அட்டை ஒன்று இருந்தது. அதைப் பிடித்து அமுக்கினார்.

அவர் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பெட்ரோல் வழிந்தது.

ரப்பர் குழாய் கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. எஞ்சின் ஓடும்போதெல்லாம் சொட்டியதை அந்த அட்டை குடித்து வைத்திருந்தது. கீழே ஒரு துளிகூட விழவில்லை. மாப்பிள்ளை வெளியே நகர்ந்து வந்து தரையிலேயே உட்கார்ந்தார். கையைத் துடைக்கவில்லை.

"நாலு மாசத்துல நான் எத்தனை தடவை பத்த வெச்சேன்?"

"முப்பத்து நாலு" என்றார் மூக்கு.

"எண்ணி வெச்சிருக்கீங்க."

"எண்ணாம இருக்க முடியல மாப்ள."

அதுவரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கை கிட்டே வந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் மூக்குக்குச் சுலபமாக இருந்திருக்கும். "குழிக்குள்ள நின்னது யாருன்னு எண்ணினியா அண்ணா? ரெண்டு புள்ளைங்க இருக்கு. அதுங்க உன்னை மாமான்னு கூப்பிடுதுங்க."

கையால் தடவிப் பார்த்தேன் என்று மூக்கு சொல்ல வந்தார். சுட்ட விரலைப் பார்த்தார். சொல்லவில்லை.

ஆனால் வேலை நின்றுவிடவில்லை. நாலு மணிக்குள் வேன் போக வேண்டும். தங்கை புது ரப்பர் குழாய் எடுத்துவந்தாள். மாப்பிள்ளை அதை மாட்டி, அட்டையைத் தூக்கித் தூரப் போட்டார். சோப்புத் தண்ணீரால் எல்லா இடத்தையும் கழுவினார். எஞ்சினை ஓடவிட்டு, வெள்ளைக் காகிதத்தைக் கிழித்து ஒவ்வொரு இணைப்பிலும் கசிகிறதா என்று ஒற்றிப் பார்த்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் காற்றில் விட்டார்கள். தீயணைக்கிற சிலிண்டரைத் தங்கை கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் மாப்பிள்ளை வேன்காரியைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க வெளியாள். உங்க மூக்கு இன்னும் கெட்டிருக்காது. குனிஞ்சு மோந்து பாருங்க."

அவள் குனிந்தாள். "சோப்பு அடிக்குது. உங்க வேர்வை அடிக்குது. பெட்ரோல் இல்லை." நிமிர்ந்தவள், "இதுக்கு நான் சான்றிதழ் எதுவும் தரணுமா?" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை தானே முடிவுசெய்து தானே பற்றவைத்தார். மூக்கு முற்றத்தின் மூலையில் நின்றார். யாரும் அவரை அங்கே போகச் சொல்லவில்லை. சென்சாரைச் சுற்றியிருந்த இரும்பு மெல்லச் சிவந்தது. ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி இழுத்தபோது, பல்லைக் கூசவைக்கிற சத்தத்தோடு அது கழன்று வந்தது. மாப்பிள்ளை மரையைச் சுத்தம் செய்துவிட்டு, "புதுசு" என்று கையை நீட்டினார்.

மூக்குதான் அதை எடுத்து, துருவேறாமல் இருக்கப் பசை தடவிக் கொடுத்தார். மரைக்கு மட்டும் பசை தடவ வேண்டும், முனையில் துளி பட்டாலும் புது சென்சார் அன்றைக்கே செத்துவிடும். இருபத்தாறு வருஷத்துக் கை, பிசகவில்லை. ஆனால் மாப்பிள்ளை அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினார். அப்படி அவர் சோதித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மஞ்சள் விளக்கு அணைந்தது. மூன்று இருபதுக்கு வேன் கிளம்பியது. வேன் பரிசோதனையில் தேறிவிட்டது என்று மாலையில் தங்கைக்குப் போன் வந்தது. தங்கை அதைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மாப்பிள்ளை ஒன்பது நாள் பட்டறைக்கு வரவில்லை. மூக்கு இரண்டு தடவை அவர்கள் வீட்டுக்குப் போனார். முதல் தடவை மாப்பிள்ளை உள்ளே இருந்தும் வெளியே வரவில்லை. இரண்டாம் தடவை வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "தெரியலன்னு முதல் நாளே சொல்லியிருந்தா நான் என்ன மச்சான் சொல்லியிருக்கப் போறேன்?" என்றார். மூக்கு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மச்சான் என்ற சொல் திரும்ப வந்தது அவர் காதில் விழுந்தது.

பத்தாம் நாள் மாப்பிள்ளை வந்தார், ஒரு நிபந்தனையோடு. இனி யாருடைய வார்த்தைக்கும் நெருப்பு வைப்பதில்லை. வண்டி முற்றத்துக்கு வர வேண்டும், தகரம் கழற்ற வேண்டும், காகிதம் ஒற்ற வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அவசரம் என்கிறவர்கள் வேறு பட்டறைக்குப் போகலாம். சிலர் போகவும் செய்தார்கள். மூக்கு இல்லை என்ற செய்தி தெருவெல்லாம் பரவியது; சும்மா வேடிக்கை பார்க்கவென்று இரண்டு பேர் வந்தார்கள், தங்கை வாசலிலேயே திட்டி அனுப்பினாள். பழைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் தங்கினார்கள்.

அது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. வாசம் திரும்பவில்லை. மூக்குக்கு இப்போது அறுபது வயது. அதே பட்டறையில்தான் இருக்கிறார். முன்பக்க மேசையில் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மெஷினைச் சொருகிக் கோளாறு பார்த்துச் சொல்கிறார். குழிக்குள் இறங்குவதில்லை.